அமானிதமாக வந்த சிலந்தி

பதினெட்டுக்குப் பன்னிரண்டு, உயரம் எட்டு அங்குலம். மேலே நகர்த்தித் திறக்கிற கண்ணாடி மூடி, அந்த மூடியில் பாதிக்குக் கொசுவலை. இந்த அளவைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு வந்தவரிடம், "இவ்ளோ தாழ்வா தொட்டி செஞ்சா மீன் துள்ளி வெளிய விழும் சார்" என்றேன். அவர் சிரித்தார்.

"மீனுக்கு இல்ல பாய். நீங்க செஞ்சு குடுங்க. எதுக்குன்னு அப்புறம் சொல்றேன்."

மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் ரோட்டை ஒட்டின ஒரு தெருவில் எங்களுக்குக் கண்ணாடிக் கடை. முன்னால் கடை, பின்னால் இரண்டு அறையும் சமையல்கட்டும். ஜன்னல் கண்ணாடி, ஷோகேஸ், படத்துக்கு ஃபிரேம் என்று எது வந்தாலும் செய்வேன். ஆனால் எனக்குப் பிடித்த வேலை மீன் தொட்டிதான். நான் எட்டாவது வரைக்கும்தான் படித்தவன். ஆனால் நான் ஒட்டின தொட்டியில் தண்ணீர் கசிந்தது என்று யாரும் திரும்பி வந்ததில்லை. அல்லாஹ் கையில் கொடுத்த தொழில் என்று அதற்கு நன்றி சொல்லாமல் ஒரு நாளும் கட்டரை எடுத்ததில்லை.

தொட்டி கேட்டு வந்தவர் காட்டாங்குளத்தூர் காலேஜில் கம்ப்யூட்டர் லேப் பார்த்துக்கொள்கிறவர். சொந்த ஊர் மதுரைப் பக்கம். முப்பதை ஒட்டின வயது. எங்கள் தெருவுக்கு மூன்று தெரு தள்ளி ஒரு மாடி ரூமில் தனியாக இருந்தார். தொட்டியை வாங்கிக்கொண்டு போனவர் இரண்டு மாதம் கழித்து, ரமலான் பிறை தெரிய இன்னும் இரண்டு நாள் இருக்கும்போது, அதே தொட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஆட்டோவிலிருந்து இறங்கினார். மேலே ஒரு துண்டு போர்த்தியிருந்தது.

"பாய், எனக்குக் கல்யாணம்" என்றார்.

"மாஷா அல்லாஹ். சந்தோஷம் சார். தொட்டியில என்ன, சீர்வரிசையா?"

துண்டை எடுத்தார். உள்ளே நாலு விரல் உயரத்துக்கு மண். ஒரு மூலையில் பாட்டில் மூடி மாதிரி சின்னத் தண்ணீர்க் கிண்ணம். இன்னொரு மூலையில், கண்ணாடியோடு கண்ணாடியாக ஒட்டிக்கொண்டு, என் உள்ளங்கை அளவுக்கு ஒரு சிலந்தி. அழுக்குத் தவிட்டு நிறம். உடம்பு முழுக்க மயிர்.

நான் ஓர் அடி பின்னால் போனது உண்மை. கையில் கட்டர் இருந்ததால் அதைக் கீழே வைக்கப் போகிறவன் மாதிரி நடித்துச் சமாளித்தேன்.

"பேரு சிலி ரோஸ், பாய். ஃபாரின் ஐட்டம். பட்டணத்துல ஒரு கலர் மீன் கடையில வாங்கினேன். ரொம்ப சாது. கையில கூட ஏறும்னு சொன்னாங்க. நான் ஏத்தினதில்ல. தரையில, மண்ணுல இருக்கற ஜாதி. அதான் தொட்டி அகலமா கேட்டேன்."

பிறகு கொஞ்சம் குரலை இறக்கி, அதன் இடப்பக்கம் மூன்றாவது காலைக் காட்டினார். அது பாதியில் நின்றுபோயிருந்தது. ஒரு நாள் வேலைக்கு நேரமாகிவிட்டதென்று மூடியை அவசரமாகத் தள்ளியதில் இடையில் மாட்டிக்கொண்டு அறுந்துவிட்டதாம். அதைச் சொல்லும்போது அவர் முகம் சுருங்கியது எனக்கு ஞாபகம் இருக்கிறது. பிள்ளையை அடித்துவிட்ட தகப்பன் மாதிரி நின்றார்.

கல்யாணம், மறுவீடு, விருந்து எல்லாம் முடிந்து பெண்ணோடு திரும்ப ஆறு வாரம் ஆகும். ரூமைக் காலி செய்தாயிற்று. ஊருக்குக் கொண்டுபோனால் பெண் வீட்டார் கல்யாணத்தையே நிறுத்திவிடுவார்கள். அதுவரைக்கும் வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். "வாரம் ஒரு கரப்பான். கிண்ணத்துல தண்ணி. வேற எதையும் மாத்த வேணாம் பாய். இருக்கறது இருக்கற மாதிரியே இருக்கட்டும்."

எனக்கு மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. நான் செய்த தொட்டி. நம்பி வந்த மனுஷன். "அமானிதமா வெச்சிருக்கேன் சார். போன மாதிரியே வந்து வாங்கிக்கங்க" என்று சொல்லிவிட்டேன்.

அமானிதம் என்றால் எங்களில் சின்ன வார்த்தை இல்லை. ஒருவர் நம்பி ஒப்படைத்ததை, அது பவுனாக இருந்தாலும் பழந்துணியாக இருந்தாலும், அப்படியே திருப்பிக் கொடுக்க வேண்டும். அதில் தவறினவன் எத்தனை ரக்அத் தொழுது என்ன? என் அத்தா, பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்துவிட்டுப் போன ஒரு குடையை, வீட்டில் வேறு குடை இல்லாத மழைக்காலத்திலும் விரிக்காமல் வைத்திருந்தவர். அந்த வீட்டில் வளர்ந்தவன் நான்.

வீட்டுக்காரியிடம் சொல்வதுதான் பாக்கி.

எங்கள் இரண்டு பெண்களையும் கட்டிக்கொடுத்துவிட்டு அவளும் நானும் மட்டும் இருந்த வருஷங்கள் அவை. தொட்டியைத் தையல் மெஷின் மேல் வைத்து, மெதுவாகத் துண்டை எடுத்தேன்.

"ஏங்க... என்னங்க இது!"

"சிலந்திதான். நீயே சொல்லுவியே, சிலந்தியக் கொல்லக் கூடாது, குகை வாசல்ல வலை கட்டி நம்ம நபியக் காப்பாத்தின ஜாதின்னு. ஒட்டடை அடிக்கும்போது கூட ஒதுக்கி ஒதுக்கி அடிப்பியே."

"அந்தச் சிலந்தி என் கட்டைவிரல் நகம் அளவு இருந்திருக்கும். இது அந்தக் குகைக்குள்ளயே குடியிருக்கற மாதிரி இருக்கு!"

"அமானிதம்னு சொல்லி வாங்கிட்டேன்."

அமானிதம் என்றதும் அவள் இறங்கி வந்தாள். தையல் மெஷினை மட்டும் காலி செய்யச் சொன்னாள். ஜன்னலோர மேஜைக்குத் தொட்டி இடம் மாறியது. பள்ளிவாசலுக்குப் போகும் போதும் வரும் போதும் நான் பார்த்துக்கொள்வேன். அவள் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பாமல் போவாள்.

முதல் வாரம் கரப்பான் தேடினேன். "என் சமையல்கட்டுல கரப்பானா? தேடிப் பாருங்க, ஒண்ணு கிடைச்சா நான் என் பேரை மாத்திக்கறேன்" என்றாள். உண்மைதான், கிடைக்கவில்லை. மழை பிடித்துக்கொண்டு கால்வாய் நிரம்பியபோது கடை வாசலிலேயே கிடைத்தது. பிடித்துப் போட்டேன். சிலந்தி தொடவில்லை. மறுநாளும் கரப்பான் மண் மேல் உலாத்திக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் எடுத்து வெளியே விட்டேன்.

அதற்குள் நோன்பு தொடங்கியிருந்தது. ஒரு வாரம், இரண்டு வாரம். அது சாப்பிடவே இல்லை.

"அதுவும் நோன்புதான் போல" என்று வீட்டுக்காரி கிண்டலடித்தாள். "ஆனா ஒண்ணுங்க, நாம பொழுது சாஞ்சு மஃரிபுக்கு நோன்பு திறக்கறோம். அதுக்குச் சொல்ல யாரும் இல்ல."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்னொன்றும் கவனித்திருந்தேன். தரையில் இருக்கும் ஜாதி என்றார் அவர். இது மண்ணில் கால் வைத்தே நான் பார்த்ததில்லை. எப்போதும் கண்ணாடிச் சுவரில்தான். எட்டு அங்குலம் ஏறினால் மூடி இடிக்கும். அந்த மூலையில் உடம்பை மடக்கி, கால்களைத் தட்டையாக விரித்து, இன்னும் மேலே போக இடம் உண்டா என்று தேடுகிற மாதிரி முன்னங்கால்களால் கொசுவலையைத் தடவிக்கொண்டே இருக்கும். நிறம் வேறு நாளுக்கு நாள் மங்கிக்கொண்டு வந்தது. எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் அவர் கொடுத்திருந்த செல் நம்பருக்கு மூன்று தடவை போட்டேன். கிடைக்கவில்லை. கல்யாண வீட்டில் யார் செல்லைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்?

ஒவ்வொரு தொழுகைக்கும் பிறகு கையேந்தும்போது பெண்களுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் கேட்டுவிட்டு, கடைசியாக இதற்கும் கேட்டேன். யா அல்லாஹ், இந்த உசுரு என் கையில போயிடக் கூடாது. சிலந்திக்காக துவா கேட்டவன் தாம்பரத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அந்தச் சமயத்தில்தான் விலங்கியல் டீச்சர் வந்தார். கேம்ப் ரோடு பக்கம் குடியிருக்கும் கிறிஸ்தவ அம்மா. ஒரு காலேஜில் பாடம் எடுக்கிறவர். அவர்கள் லேபுக்கு நான்தான் தொட்டிகள் செய்து கொடுத்திருந்தேன். புதிதாக ஒன்று சொல்லிவிட்டுக் கிளம்பினவரை, "ஒரு நிமிஷம் டீச்சர், உங்களுக்குத் தெரிஞ்ச விஷயம் ஒண்ணு" என்று உள்ளே கூட்டிப்போனேன்.

கைப்பையிலிருந்து லென்ஸை எடுத்துக்கொண்டு குனிந்தவர் ரொம்ப நேரம் நிமிரவில்லை.

"இத என்னன்னு சொல்லிக் குடுத்தாங்க பாய்?"

"சிலி ரோஸ். ஃபாரின்."

"கடைக்காரன் சொன்னானாக்கும்? அவனுக்கு மயிர் இருக்கற சிலந்தி எல்லாமே ரோஸ்தான். இங்க வாங்க. சுவத்துல ஒட்டிட்டு இருக்குல்ல, வெளிப்பக்கமா வந்து அடிப்பக்கத்தப் பாருங்க. முன்னங்கால் ரெண்டையும் பாருங்க."

பார்த்தேன். பதினைந்து நாளாக அதன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தவன், அப்போதுதான் கண்ணாடிக்கு வெளியிலிருந்து அடிப்பக்கத்தைப் பார்க்கிறேன். முன்னங்கால்களுக்கு உள்பக்கம் எலுமிச்சம்பழ மஞ்சளில் பட்டை பட்டையாக இருந்தது. வயிற்றுக்குக் குறுக்கே வெளிறின ஒரு கோடு.

"ரோஸுக்கு இந்த மஞ்சள் கிடையாது. முதுகுல பாருங்க, மங்கிப்போயிருந்தாலும் நடுவுல இலை மாதிரி ஒரு கோலம் தெரியுது. இது ஃபாரினும் இல்ல, தரையில இருக்கறதும் இல்ல. நம்ம மலைக்காட்டுல பெரிய மரத்துப் பொந்துல வாழற சிலந்தி. எவனோ பிடிச்சிட்டு வந்து, விக்கற பேர வெச்சு வித்திருக்கான்."

"சாதுன்னு சொன்னாரே டீச்சர்..."

"கைய விட்டீங்களா?"

"தண்ணிக் கிண்ணம் மாத்த, ரெண்டு நாளைக்கு ஒரு தரம்."

டீச்சர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். "கர்த்தரே! பாய், இது மின்னல் மாதிரி ஓடும். கடிச்சா சாகறதில்ல, ஆனா நாள் கணக்குல வலியில துடிப்பீங்க. இனிமே கைய விடாதீங்க, நீளமா இடுக்கி வெச்சுக்கங்க."

வாசலில் நின்றுகொண்டிருந்த என் வீட்டுக்காரி முக்காட்டை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள்.

ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டேன். தோல் உரிக்கப் போகிறது என்றார். அதற்கு முன்னால் இப்படித்தான் நிறம் மங்கும், இரை எடுக்காது. "ஆனா அதுக்கு மறைவா, இருட்டா, உயரமா ஒரு இடம் வேணும். இங்க ஒளியறதுக்கு ஒரு பட்டை கூட இல்ல. இந்தத் தட்டையான பொட்டியில, மூடியில தொங்கிட்டு உரிச்சா பாதியிலயே சிக்கிக்கும். சிக்கிச்சுன்னா செத்துரும். வேற பொட்டி செய்யுங்க. நீங்கதான செய்யறவரு?"

டீச்சர் போன பிறகு நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். எதையும் மாற்ற வேண்டாம் என்று கொடுத்துவிட்டுப் போனவர் சொல்லியிருந்தார். போன மாதிரியே வாங்கிக்கங்க என்று நான் வாக்குக் கொடுத்திருந்தேன். மண்ணைக் கொட்டி, தொட்டியை மாற்றி, ஊர்க்காட்டுச் சிலந்தி என்று பேரையும் மாற்றி, நாளைக்கு அவர் வந்து நின்றால் என்ன சொல்வேன்? அத்தா விரிக்காமல் வைத்திருந்த குடைதான் கண் முன்னால் வந்து வந்து போனது. இரண்டு நாள் ஒன்றும் செய்யவில்லை. அந்த இரண்டு நாளை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு என் மேலேயே கோபம் வரும்.

மூன்றாம் நாள் வீட்டுக்காரி, கஞ்சிக்குப் பச்சைமிளகாய் நறுக்கிக்கொண்டே, தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"அவரு உங்ககிட்ட எதக் குடுத்துட்டுப் போனாரு? பொட்டியையா, சிலந்தியையா?"

"ரெண்டையும்தான்."

"நல்லா இருக்கு. பெரியவ கைக்குழந்தைய நம்மகிட்ட விட்டுட்டுப் போறா. சட்டையை மாத்தாதீங்கன்னு சொல்லிட்டுப் போறா. குழந்தை நனைச்சுக்கிச்சு, காய்ச்சல் அடிக்குது. அப்பவும் சட்டையை மாத்தாம வெச்சிருந்து, இந்தா உன் அமானிதம்னு குடுப்பீங்களா? உசுருங்க அமானிதம். பொட்டி நீங்க செஞ்சதுதான?"

அந்தச் சிலந்திப் பக்கம் ஒரு தடவைகூட நின்று பார்க்காதவள் பேசின பேச்சு அது. எழுந்து நேராக மரவாடிக்குப் போனேன்.

"இன்னா பாய், நோன்பு வெச்சிக்கினு இந்தப் பக்கம்?" மரவாடிக்காரர் எனக்குப் பழக்கம்.

"வளைஞ்ச மாதிரி மரப்பட்டை வேணும். ஒரு முழம் நீளம், நல்ல கனமா."

"இன்னாத்துக்கு? கஷாயம் போடவா?"

"ஒருத்தர் குடியிருக்க."

"பட்டையிலயா? யாரு பாய் அது, உன் மருமவனா?" என்று சிரித்துவிட்டு, பின்னால் குவிந்து கிடந்ததில் தேடி, அரைக் குழாய் மாதிரி வளைந்த ஒரு பட்டையை எடுத்துக் கொடுத்தார். அதைக் கொதிநீர் ஊற்றிக் கழுவி, மழை விட்ட ஒரு வெயிலில் காயவைத்தோம்.

எட்டுக்கு எட்டு, உயரம் பதினாறு. முன்பக்கம் கதவு மாதிரி மேலே நகரும் கண்ணாடி, உள்ளே பின்சுவரை ஒட்டி நிறுத்தின அந்தப் பட்டை. ஒட்டின சிலிக்கான் காயும்வரை புளிச்ச காடி மாதிரி நாற்றம் அடிக்கும். அந்த நாற்றம் சின்ன உயிருக்கு ஆகாது. முழுக்கப் போக நாலு நாள் காத்திருந்தேன். அந்த நாலு நாளும் தொழுகைப் பாயில் என் நெற்றி கொஞ்சம் அதிக நேரம் கிடந்தது.

ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்றுக்கு எப்படி மாற்றுவது? கையை விட முடியாது. பழைய தொட்டியின் மூடி பாதி திறந்தால் எவ்வளவு வழியோ, அதே அளவுக்குப் புதுப் பெட்டியின் கதவைத் திறந்து, புதியதைப் பழைய தொட்டியின் மேல் குப்புறப் படுக்கவைத்து, வாயோடு வாய் பொருத்தினேன். சுற்றிலும் இருந்த இடுக்கை அட்டை வைத்து டேப் போட்டு அடைத்தேன். அது இருட்டைத் தேடிப் போகும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். அதனால் புதுப் பெட்டியை இருட்டாக்க ஒரு துணி கேட்டேன். வீட்டுக்காரி பீரோவிலிருந்து அவளுடைய பழைய கறுப்பு புர்காவை எடுத்து வந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டே பெட்டி மேல் போர்த்தினாள்.

மத்தியானம் லுஹருக்குப் பொருத்தி வைத்தது. சாயங்காலம் அசர் வரைக்கும் அது அசையவில்லை. பள்ளிவாசலிலிருந்து கஞ்சி வாங்கி வந்து, பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு நோன்பு திறக்கிற பாங்குக்காக இருவரும் உட்கார்ந்திருந்தோம். பாங்கு சொன்னது. பழத்தை வாயில் போட்டு, ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துத் தலையைத் தூக்கினால் பழைய தொட்டி காலி.

"போயிடுச்சுங்க" என்றாள் அவள். எப்போது போனது என்று இருவருமே பார்க்கவில்லை. புர்காவின் ஓரத்தைத் தூக்கினேன். பட்டையின் வளைவுக்குள் நாலு கால் நுனி மட்டும் தெரிந்தது. கதவை இழுத்து மூடிப் பெட்டியை நிமிர்த்தினேன். அல்ஹம்துலில்லாஹ்.

அதற்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு நாள் அது வெளியே வரவே இல்லை. தண்ணீரை மட்டும் பட்டையின் மேல் தெளிப்பேன். உள்ளே உயிரோடு இருக்கிறதா இல்லையா என்று தெரியாது. பெருநாள் வந்தது. பெண்களும் மருமகன்களும் பேரப்பிள்ளைகளும் வந்து, பிரியாணி சாப்பிட்டு, பெட்டிக்கு முன்னால் நின்று பார்த்து, "இதுல ஒண்ணுமே இல்லையே" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

பெருநாள் கழித்து மூன்றாம் நாள். சாப்பிட வீட்டுக்குள் வந்தேன். பெட்டியின் அடியில் அது மல்லாந்து கிடந்தது. கால்கள் எல்லாம் விரிந்து, ஆட்டம் அசைவில்லாமல். இடப்பக்கம் மூன்றாவது கால் பாதியில் நின்றிருந்தது. சந்தேகமே இல்லை.

மரணச் செய்தி கேட்டால் சொல்லும் வார்த்தைகளை வாய் தானாகச் சொல்லிவிட்டது. சுவரில் சாய்ந்து நின்றேன். வீட்டுக்காரி சமையல்கட்டிலிருந்து வந்து என் முகத்தைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள். முதல் தடவையாகப் பெட்டிக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தாள்.

"பாவங்க" என்றாள். பிறகு, "கொல்லை முருங்கை அடியில வெச்சிடலாம். நான் துணி எடுத்துட்டு வரேன்" என்று நிமிரப் போனவள் அப்படியே நின்றாள்.

"ஏங்க."

"என்ன?"

"கீழ கிடக்கறது அதுன்னா, மேல இருக்கறது யாரு?"

பட்டையின் மேல் முனையில், கண்ணாடியை ஒட்டி, அது இருந்தது. கழுவித் துடைத்து வைத்த மாதிரி. சாம்பலும் வெள்ளையும் கறுப்புமாக முதுகில் நெய்து வைத்த கோலம், காலுக்குக் கால் வளையம். அடிப்பக்கத்து மஞ்சள் இப்போது யாரும் சொல்லாமலேயே கண்ணில் பட்டது. அல்லாஹ் எத்தனை பொறுமையாக இருந்து இதைச் செய்திருக்கிறான் என்றுதான் எனக்குத் தோன்றியது. நான் ஒரு நேர்க்கோடு வெட்டவே மூச்சைப் பிடிப்பேன்.

கீழே கிடந்தது வெறும் தோல். இடுக்கியால் எடுத்து வெளியே வைத்தேன். ஊதினால் பறக்கும் கனம். நான் குப்பையில் போடப் போனேன். அவள் தடுத்தாள்.

"அதுவும் அவரோடதுதான? அமானிதம்னா எல்லாம் சேத்துத்தான்."

பெருநாளைக்கு வாங்கின பேரீச்சம்பழ டப்பா காலியாக இருந்தது. அதில் பஞ்சு விரித்து, தோலைக் கால் ஒடியாமல் வைத்து மூடினாள். ஒரு மாதத்துக்கு முன்னால் அந்தப் பக்கம் முகத்தையே திருப்பாதவள்.

ஒரு வாரத்துக்குள் அது கரப்பான் சாப்பிட்டது. அந்தச் செய்தியைப் பெரியவளுக்கு போன் போட்டுச் சொன்னவளும் இவள்தான்.

அவர் சொன்னபடி ஆறு வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். கழுத்தில் புதுச் செயின், பக்கத்தில் புதுப் பெண். மஞ்சள் கயிறு இன்னும் நிறம் மாறவில்லை. வீட்டுக்காரி பெண்ணை ஸ்டூலில் உட்காரவைத்து டீ கொடுத்தாள். "பெட்டி ஒண்ணு வாங்கணும்னு மட்டும்தான்க்கா சொன்னாரு. பெட்டிக்குள்ள இருக்கறத செங்கல்பட்டு தாண்டினப்புறம் ரயில்லதான் சொல்றாரு" என்று அந்தப் பெண் சிரித்துக்கொண்டே முறையிட்டது.

நான் பெருமையோடு பெட்டியைக் காட்டினேன். அவர் பார்த்தார். கிட்டே போய்ப் பார்த்தார். முகத்தில் சிரிப்பு இல்லை.

"பாய், இது என்னோடது இல்லையே."

"உங்களோடதுதான் சார். பொட்டிதான் மாத்தினேன். அது எதுக்குன்னா..."

"இல்ல பாய். என்னோடது பழுப்பு. இது வேற கலர். என்னோடதுக்கு ஒரு கால் பாதி இல்ல. இதுக்கு எட்டும் இருக்கு." அவர் குரலை உயர்த்தவே இல்லை. மெதுவாக, என் மேல் இரக்கப்பட்டுச் சொன்னார். "செத்துப்போயிருந்தா செத்துப்போச்சுன்னு சொல்லியிருக்கலாமே பாய். நான் ஒண்ணும் நெனச்சிருக்க மாட்டேன். இன்னொண்ணத் தேடி வாங்கி வெச்சு... எதுக்கு இந்தச் சிரமம்?"

திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். திரும்பிப் பெட்டியைப் பார்த்தேன். எண்ணினேன். எட்டுக் கால் இருந்தது. சத்தியமாக எட்டு. இத்தனை நாள் அதன் அழகையே பார்த்துக்கொண்டிருந்தவன் கால்களை எண்ணவே இல்லை. எப்படி முளைத்தது? எனக்கே தெரியாததை அவருக்கு எப்படிச் சொல்வேன்? அமானிதத்தில் தவறினவன் என்று, புது மணப்பெண் முன்னால், என் வீட்டில் வைத்தே எனக்குப் பேர் வந்துவிட்டது.

வீட்டுக்காரி உள்ளே போய் பேரீச்சம்பழ டப்பாவோடு வந்தாள். அதை அவரிடம் கொடுக்கவில்லை. அந்தப் பெண்ணின் மடியில் வைத்துத் திறந்தாள்.

"இது உங்க வீட்டுக்காரரோட சிலந்தி உரிச்ச தோலு. பயப்படாதம்மா, உசுரு இல்ல. நீ எண்ணு."

பெண் டம்ளரைக் கீழே வைத்தது. ஒரு விரலை நீட்டி, தொடாமல், வாய்க்குள் எண்ணியது.

"ஏழு முழுசா இருக்குங்க. எட்டாவது பாதிதான். இடது பக்கம், மூணாவது."

அவர் குனிந்து பார்த்தார். டப்பாவையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். எழுந்து பெட்டியின் கண்ணாடியோடு முகத்தை வைத்துக்கொண்டார். "இடது மூணாவது... மத்த காலை விட ஒல்லியா இருக்கு பாய். வெளுப்பா. தோல் உரிச்சப்ப புதுசா முளைச்சிருக்கு." பிறகு வேறொரு குரலில், "முளைச்சிடுச்சா? நான் அறுத்த கால் முளைச்சிடுச்சா?" என்றார்.

பெண் அவரை நிமிர்ந்து பார்த்தது. "நீங்களா அறுத்தீங்க?"

"மூடி தள்றப்ப."

"நல்ல வேளை முளைச்சுச்சு" என்றது பெண். எல்லோரும் சிரித்துவிட்டோம். பிறகுதான் டீச்சர் வந்தது, மஞ்சள், மரப்பொந்து எல்லாவற்றையும் சொன்னேன். ரோஸ் இல்லை, ஃபாரின் இல்லை, நம் காட்டுச் சிலந்தி என்றதும் கொஞ்சம் ஏமாற்றம் அவர் முகத்தில் வந்தது. மூன்று நொடிகூட நிற்கவில்லை, போய்விட்டது. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சுருங்க பாய்" என்றார். நான் பிடித்த கையை விடாமல், "உங்க அமானிதம் சார். பார்த்து வாங்கிக்கங்க. கைய மட்டும் விடாதீங்க" என்றேன். தோள்களிலிருந்து ஒரு கண்ணாடித் தகட்டை இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

இன்னும் கொஞ்ச நாள் நம்மிடமே இருக்கட்டுமே என்று எனக்குத் தோன்றியது உண்மை. அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. வீட்டுக்காரி அந்தக் கறுப்புப் புர்காவையே மடித்துப் பெட்டி மேல் போர்த்தி, "இருட்டா இருந்தா பயப்படாது. துணிய நீங்களே வெச்சுக்கங்க" என்றாள். ஆட்டோ வந்தது. புதுப் பெண் முதலில் ஏறி, "குடுங்கக்கா" என்று கையை நீட்டி, பெட்டியை மடியில் வாங்கிக்கொண்டது. அவர் பேரீச்சம்பழ டப்பாவைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

பழைய தொட்டியை அவர் கேட்கவில்லை. வேண்டுமா என்று நான் கேட்டதற்கு, "நீங்களே வெச்சுக்கங்க பாய், அந்தப் பொட்டியைப் பார்த்தாலே எனக்கு அந்தக் கால் ஞாபகம் வருது" என்று சொல்லிவிட்டார்.

அது ஒரு வாரம் ஜன்னலோர மேஜையில் மண்ணோடு அப்படியே கிடந்தது. பிறகு ஒரு நாள் பார்த்தால், வீட்டுக்காரி மூடியை எடுத்துவிட்டு, சந்தையில் வாங்கின புதினாக் கட்டில் இலை கிள்ளின தண்டுகளை வரிசையாக நட்டு வைத்திருந்தாள். எல்லாம் பிடித்துக்கொண்டது. அடுத்த ரமலானில் எங்கள் கஞ்சிக்கு அந்தப் புதினாதான். எட்டு அங்குல உயரம் அதற்குச் சரியாக இருந்தது.